உதிர்ந்த சில்லுகள்: மண் தேநீர்க் கெண்டிகளின் தரம் விழுந்த கதை

பின்னணி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சிறிய ஊர். முன்னர் பல வீடுகளில் மண் வனைந்த அந்த ஊரில் இப்போது ஒரு குடும்பம்தான் அந்தத் தொழிலில் இருக்கிறது. எழுபதை நெருங்கும் ஐயா, ஊரே பெரியம்மா என்று கூப்பிடும் அவருடைய மனைவி, மகள், மருமகன் என்று நால்வர். ஐயா திரிகையில் வனைவார். மண் மிதிப்பதும் சூளை அடுக்குவதும் மருமகன். மூக்கும் பிடியும் ஒட்டுவது மகள்.

அவர்களின் அன்றாடச் சோறு தயிர்ச்சட்டியில் வருகிறது. அதோடு கோயிலுக்கும் வீட்டுச் சடங்குக்கும் மூக்கு வைத்த கெண்டி வனைவது அந்தக் குடும்பத்தின் பரம்பரை வேலை. 2016இல் பாசிக்குடாப் பக்கத்து விடுதி ஒன்று அந்தக் கெண்டியைப் பார்த்துவிட்டு, ஒரு பிடியும் மூடியும் வைத்துத் தந்தால் விருந்தினருக்குத் தேநீர் பரிமாறலாம் என்று கேட்டது. அப்படிப் பிறந்ததுதான் வீட்டார் ‘தேத்தண்ணிக் கெண்டி’ என்று சொல்லும் இந்தச் சாமான். மூன்று கோப்பை கொள்ளும். பூச்சு எதுவும் இல்லை. செங்காவி தடவி, கூழாங்கல்லால் தேய்த்து மினுக்கியிருப்பார்கள்.

நான் கைப்பணிப் பொருள்களை வாங்கி விடுதிகளுக்குக் கொடுக்கும் சிறு சங்கம் ஒன்றில் வேலை செய்கிறேன். தரம் பார்ப்பதும், விடுதிக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்று கதைப்பதும் என் பொறுப்பு. இதில் நடந்த பெரிய பிழை என்னுடைய முடிவால் வந்தது. அதனால்தான் முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

முறைப்பாடு

2019இன் குண்டுவெடிப்புகள், அடுத்து கொரோனா, அடுத்து 2022இன் பொருளாதார நெருக்கடி. இந்த வருடங்களில் விடுதி கெண்டி வாங்கியது மிகக் குறைவு. 2023இல் வெளிநாட்டார் திரும்பி வரத் தொடங்கியதும், ஏப்ரலில் ஒரே தடவையாக 60 கெண்டி எடுத்தார்கள். மே மாதக் கடைசியில் அதன் முகாமையாளர் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணன், முந்தி வந்த சாமான் இப்படி இல்லையே. இப்ப மருமகன்தான் எல்லாம் செய்யிறாராம், அதாலயா?”

அவர் சொன்ன குறைகள் மூன்று. கெண்டியை வைத்த இடத்தில் மேசைத் துணி நனைகிறது. சுவரிலிருந்து சில்லுச் சில்லாக உதிர்கிறது, இரண்டு தடவை கோப்பைக்குள்ளேயே விழுந்திருக்கிறது. சிலவற்றில் மூக்கு ஒட்டிய இடம் வெடித்திருக்கிறது. நான் மூன்றையும் ஒரே வரியில் ‘தரக் குறைவு’ என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். பின்னால் வந்த தவறு அந்த வரியில்தான் தொடங்கியது.

ஜூனில் பார்த்தவை

விடுதியின் சமையலறையில் 60 கெண்டியையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். 23இல் சில்லு உதிர்ந்திருந்தது. பெரும்பாலும் பத்துச் சத நாணயத்தின் அளவில், வட்டமாக, ஆழமில்லாத குழிகள். 9இல் மூக்கடி வெடிப்பு. கசிவு ஏறக்குறைய எல்லாவற்றிலும்.

அங்கிருந்து நேரே படுவான்கரைக்குப் போனேன். ஏப்ரலில் சுட்ட அதே சூளையில் மிஞ்சிய 12 கெண்டி கொட்டிலில் இருந்தது. ஒன்றில்கூட உதிர்வு இல்லை.

“இஞ்ச ஒண்டும் உதிரல்லியே மனே. அவங்க எறிஞ்சு எறிஞ்சு பாவிக்கிறாங்க போல” என்றார் ஐயா.

அவர் கண்ணுக்கு முன்னால் எல்லாம் நல்ல சாமான். முகாமையாளர் கண்ணுக்கு முன்னால் எல்லாம் கெட்ட சாமான். இருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே சூளைச் சாமான் ஓரிடத்தில் உதிர்ந்து இன்னோரிடத்தில் உதிராமல் இருப்பது ஏன் என்று அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சமையலறை ஆட்களின் கைப் பிழையும் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கெண்டியை விரலால் தட்டிப் பார்த்தேன். சத்தம் மந்தமாக இருந்தது. நன்றாக வெந்த மண் கணீரென்று சொல்லும். கசிவையும் இந்தச் சத்தத்தையும் சேர்த்துப் பார்த்து, சூடு போதவில்லை என்ற முடிவுக்கு வந்தேன்.

சூட்டைக் கூட்டிய முடிவு

முகாமையாளருக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது. சீனாவில் பூச்சில்லாத மண்ணில் செய்த டீ பொட் உலகம் முழுக்க விலைபோகிறதே, அது கசிவதில்லையே, நம்முடையது மட்டும் ஏன் கசிகிறது? நியாயமான கேள்விதான். அவர் சொன்னது ஜியாங்சு மாகாணத்து யீசிங் கெண்டிகளை. அவை 1100 முதல் 1200 பாகை செல்சியஸ் வரை சூளையில் வேகிறவை. அந்தச் சூட்டில் அந்த மண் இறுகிக் கல்போல ஆகிவிடும். எங்கள் பக்கத்தில் தரையில் அடுக்கி, பொச்சுமட்டையும் விறகும் வைக்கோலும் போட்டுச் சுடும் திறந்த சூளை பொதுவாக 600 முதல் 850 பாகைக்குள்தான் நிற்கும். இங்கத்தைச் சிவப்புக் களியை யீசிங் அளவுக்குச் சுட்டால் அது வளைந்து உருகிப்போகும். இரண்டும் வேறு வேறு சாமான். இது எனக்குத் தெரிந்திருந்தும், அந்தக் கேள்வியின் அழுத்தத்தில் ‘கொஞ்சமாவது கூட்டிப் பார்ப்போம்’ என்று தீர்மானித்தேன்.

ஐயாவுக்கு இதில் அரை மனம்தான். மருமகனுக்குச் சம்மதம். தன் கையைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், எதையாவது மாற்றிக் காட்ட வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு இருந்தது. ஜூலையில் விறகை இரட்டிப்பாக்கி, மேலே களிப் பூச்சைத் தடிப்பாகப் போட்டு, இரவு முழுக்க எரியவிட்டு, மறுநாள் பின்னேரம்தான் திறந்தோம்.

சாமானைப் பார்த்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நிறம் ஆழமாக வந்திருந்தது. தட்டினால் கணீர். கசிவு வெளிப்படையாகக் குறைந்திருந்தது. ஜூலைக் கடைசியில் 40 கெண்டி விடுதிக்குப் போனது.

ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் அந்த 40இல் 27 உதிர்ந்துவிட்டன. சிலவற்றில் ஒரே கெண்டியில் ஏழெட்டுக் குழி. விடுதி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பி, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சூட்டைக் கூட்டச் சொன்னது சங்கம் என்பதால் அந்த 40க்கும் உரிய பணத்தைச் சங்கமே வீட்டாருக்குக் கொடுத்தது. அது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இல்லாவிட்டால் அந்த வீட்டில் யாரும் அதற்குப் பிறகு எங்களோடு மனம் திறந்து கதைத்திருக்க மாட்டார்கள்.

வெள்ளைப் புள்ளி

திரும்பி வந்த கெண்டிகள் முற்றத்தில் கிடந்தன. பெரியம்மா வெற்றிலை போட்டுக்கொண்டே ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். ஒரு குழியின் நடுவில் இருந்த வெள்ளைப் புள்ளியை நகத்தால் சுரண்டினார். மாவாக வந்தது. நுனி நாக்கில் வைத்தார்.

“இது சுண்ணாம்பெலா” என்றார்.

மட்டக்களப்பில் வெற்றிலைச் சுண்ணாம்பு சிப்பியிலிருந்து வருவதை அறியாதவர் இல்லை. சிப்பியைச் சுட்டு, தண்ணீர் தெளித்தால், அது புகைந்து பொரிந்து வெடித்து மாவாகும். அதே காரியம்தான் கெண்டிச் சுவருக்குள் நடந்திருக்கிறது. நாங்கள் உடனே எல்லாக் குழிகளையும் பார்த்தோம். ஏறக்குறைய ஒவ்வொன்றின் அடியிலும் அந்த வெள்ளைப் புள்ளி இருந்தது. ஜூனில் அதே குழிகளை நானும் பார்த்தவன்தான். புள்ளியைக் கவனிக்கவில்லை.

நடப்பது இதுதான். களிக்குள் சிப்பித் துண்டு இருந்தால், சுமார் 700 பாகைக்கு மேல் அது சிதையத் தொடங்கி, 900ஐ நெருங்கும்போது முழுவதும் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சூளையிலிருந்து எடுக்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு காற்றின் ஈரத்தையோ தண்ணீரையோ உறிஞ்சி அது நீறும். நீறும்போது அதன் பருமன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். இறுகிய சுவருக்குள் அந்தப் பருமனுக்கு இடமில்லை. மேலே இருக்கும் மண்ணைச் சில்லாகத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

கொட்டிலில் இருந்த 12 ஏன் உதிரவில்லை என்பதற்கும் இதிலேயே விடை கிடைத்தது. மே முதல் செப்டம்பர் வரை அங்கே கச்சான் அடிக்கிறது. மேற்கிலிருந்து வரும் அந்தக் காய்ந்த காற்றில் சுண்ணாம்பு நீறுவதற்கு ஈரம் போதாது. விடுதியிலோ கெண்டி ஒரு நாளைக்கு மூன்று தடவை கொதிநீர் காண்கிறது, கழுவப்படுகிறது, கடல் காற்றில் காய்கிறது. சரிபார்க்க, கொட்டிலில் இருந்த 12ஐயும் தண்ணீர் வாளிக்குள் போட்டோம். ஐந்தாம் நாள் 4இல் சில்லு எழுந்தது. ஐயா அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நான் எடுத்த முடிவு ஏன் நிலைமையைக் கெடுத்தது என்பதும் அப்போது விளங்கியது. பழைய மெல்லிய சூட்டில் சிப்பித் துண்டுகளில் ஒரு பகுதி சுண்ணாம்பாகாமல் சிப்பியாகவே நின்றிருந்தது. சூட்டைக் கூட்டி நாங்கள் எல்லாவற்றையும் சுண்ணாம்பாக்கினோம். அந்தச் சுண்ணாம்பு மண்ணோடு கலந்து அடங்க 1000 பாகைக்கு மேல் வேண்டும். எங்கள் சூளை அங்கே போகாது. நடுவில் நிறுத்திய சூடுதான் இந்த மண்ணுக்கு மிக மோசமான சூடு.

மண் எப்போது மாறியது

முற்றத்துக் களிக் குவியலில் எலுமிச்சம்பழம் பிழிந்து பார்த்தோம். அங்கங்கே நுரைத்தது. இரண்டு கிலோ மண்ணைத் தண்ணீரில் கரைத்து நுளம்பு வலையால் வடித்தபோது வலையில் ஊரியும் சிப்பித் துண்டும் ஒரு பிடி நின்றது. இது குளத்து மண் இல்லை.

கேட்டதும் மருமகன் மறைக்காமல் சொன்னார். 2022 ஜூன், ஜூலையில் டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற காலம். குளத்து மண்ணுக்கு ட்ரெக்டர் உள்ளே நெடுந்தூரம் போய் வர வேண்டும். ஓட்டுநர் அந்த டீசலுக்குப் போக முடியாது என்று சொல்லி, வாவிக் கரைக்குக் கிட்ட ஓரிடத்திலிருந்து மூன்று பெட்டி கொண்டுவந்து கொட்டினார். கையில் பிசைந்தால் நல்ல களி. குளத்து மண்ணைவிட மிருது, திரிகையில் இன்னும் இலகுவாக எழுந்தது. டீசல் கிடைக்கத் தொடங்கிய பிறகும் ட்ரெக்டர்க் கூலி பழைய விலைக்கு இறங்கவில்லை. அதனால் அதே இடத்து மண்ணே தொடர்ந்து வந்தது.

அதே மண்ணில்தான் தயிர்ச்சட்டியும் செய்தார்கள். அதில் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று நான் கேட்டேன். தயிர் முடிந்ததும் சட்டியை எறிந்துவிடுவார்கள். அதற்குள் ஒரு சில்லு உதிர்ந்தாலும் முறைப்பாடு கொண்டுவர யாருமில்லை. கெண்டி மட்டும்தான் மாதக்கணக்கில் பாவனையில் நின்று உண்மையைச் சொன்னது.

மருமகனின் கையில் குறை இருக்கவில்லை. இதை நான் விடுதிக்கு எழுத்தில் அறிவித்தேன்.

கசிவு என்ற வேறு கதை

செப்டம்பரில் பெரியம்மாவிடம் கசிவைப் பற்றிக் கேட்டபோது அவர் ஆச்சரியப்பட்டார். புதுச் சட்டியைப் பழக்காமல் யாராவது பாவிப்பார்களா? வடிகஞ்சியைச் சூடாக ஊற்றி இரவு முழுக்க விட்டு, மறுநாள் மெல்லிய நெருப்பில் வைத்து, இப்படி மூன்று நாள் செய்தால் கஞ்சியின் மாப்பொருள் மண்ணின் துளைகளை அடைத்துக்கொள்ளும். எங்கள் வீடுகளில் இது சொல்லித் தர வேண்டிய விடயமே இல்லை. விடுதிச் சமையலறையில் அதைத் தெரிந்த ஒருவர் முன்பு இருந்திருக்கிறார். 2020இல் விடுதி மூடியபோது அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதியவர்கள் பெட்டியைத் திறந்து நேரே கொதிநீர் ஊற்றினார்கள்.

கசிவு, ஆக, மண்ணின் குறையும் இல்லை, சூளையின் குறையும் இல்லை. திறந்த சூளையில் சுட்ட எந்த மண்பாண்டமும் முதலில் கசியும். அதற்குரிய மருந்து அடுப்படியில் இருந்தது. நான் அதைச் சூளைக்குள் தேடப் போய், உதிர்வைப் பெருக்கினேன்.

எடுத்த முடிவுகள்

குவிந்திருந்த வாவிக் கரை மண்ணை முதலில் வடித்துப் பார்த்தோம். கரைத்து, நுளம்பு வலையில் வடித்து, தெளியவிட்டு எடுத்த களியில் 10 கெண்டி செய்தார்கள். உதிர்வு இல்லை. ஆனால் கொதிநீர் ஊற்றியதும் 6 வெடித்தன. வலை சிப்பியோடு மணலையும் எடுத்துவிட்டது. மணலும் சொரசொரப்பும்தான் மண் திடீர்ச் சூட்டைத் தாங்குவதற்குத் துணை, சமையல் சட்டி நெருப்பில் நிற்பதும் அதனால்தான். உடைந்த மண் ஓடுகளை இடித்து மாவாக்கிக் கலந்து இன்னொரு தடவை செய்தபோது வெடிப்பு குறைந்தது. ஆனால் வடிப்பதற்கும் இடிப்பதற்கும் போன நாட்களைக் கணக்குப் பார்த்தால் குளத்து மண்ணுக்குத் திரும்பிப் போவதே மலிவு. மிச்சக் குவியலை அடுப்புப் போடவும் திண்ணை மெழுகவும் ஊராருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பளபளப்புப் பூச்சுப் போட்டால் கசிவும் நிற்கும், அழகும் கூடும் என்று விடுதியிலிருந்து ஒரு யோசனை வந்தது. அதை நான் உறுதியாக மறுத்தேன். இவ்வளவு குறைந்த சூட்டில் உருகும் பழைய வகைப் பூச்சுகள் பெரும்பாலும் ஈயம் கலந்தவை. புளிப்பான பானம் பட்டால் ஈயம் அதில் இறங்கும், தேநீருக்கு எலுமிச்சை பிழியும் பழக்கம் உள்ளவர்களுக்கு அது இன்னும் ஆபத்து. வார்னிஷும் வேண்டாம் என்றேன்.

2023 ஒக்டோபர் முதல் வாரத்தில், மழைக்கு முன், குளம் வற்றியிருந்தபோது உரிய அனுமதிக் கடிதத்தோடு இரண்டு பெட்டி மண் எடுத்தார்கள். அதைக் கொட்டிலுக்குள் வைக்காமல் மாரி முழுக்க வெளியே மழையில் விட்டார்கள். இது ஐயாவின் தகப்பன் காலத்து முறை. நனைந்தும் காய்ந்தும் கிடந்த மண் கட்டி உடைந்து நயமாகும். விடுதி அவசரமாகக் கேட்கத் தொடங்கியபின் இந்தக் காத்திருப்பு கைவிடப்பட்டிருந்தது.

மூக்கடி வெடிப்புக்குக் காரணமும் அவசரம்தான். கெண்டிச் சுவர் காய்ந்த பிறகு ஈரமான மூக்கை ஒட்டினால் இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்கி, ஒட்டு விட்டுவிடும். இரண்டையும் ஒரே பதத்துக்கு வைத்து ஒட்டி, ஈரச் சாக்கால் மூடி இரண்டு நாள் மெதுவாகக் காயவிடத் தொடங்கினார் மகள். மூக்கு நுனியின் கீழ் விளிம்பைக் கூராக வெட்டியதும் ஊற்றிய பிறகு சொட்டுவதும் நின்றது.

சூட்டைப் பழைய அளவுக்கே கொண்டுவந்தோம். கஞ்சிப் பழக்கத்தை விடுதியிடம் விடாமல் வீட்டிலேயே செய்து அனுப்புவது என்று பெரியம்மா பொறுப்பெடுத்தார். பாலை இதற்குள் ஊற்றக் கூடாது, பிளேன்டீ மட்டும், பால் தனியே என்று விடுதியோடு பேசி முடிவாகியது. துளையுள்ள மண்ணில் பால் தங்கினால் புளித்து மணக்கும்.

விடுதி மறுபடி வாங்கச் சம்மதித்தது ஒரு நிபந்தனையோடு. எங்கள் பக்கத்திலும் ஒரு நிபந்தனை வைத்தோம்: வேண்டிய எண்ணிக்கையை ஜனவரிக்குள் சொல்லி, பாதிப் பணம் முன்கூட்டித் தர வேண்டும். ஜூலையில் கேட்டு ஆகஸ்டில் எடுக்க முடியாது. அவர்களின் நிபந்தனை, ஐந்து மாதத்துக்குள் உதிர்ந்தால் மாற்றிக் கொடுக்க வேண்டும் என்பது. இரண்டும் எழுத்தில் ஆனது.

2024 பருவம்

பெப்ரவரியிலும் மார்ச்சிலும் வனைந்து, ஏப்ரலில் சுட்டு, மாதக் கடைசியில் 50 கெண்டி போனது. செப்டம்பர் இறுதியில் கணக்கெடுத்தேன். உதிர்ந்தவை 2. மூக்கடி வெடித்தவை 3. கை தவறி உடைந்தவை 4. கசிவைப் பற்றி முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு சொல்லும் வரவில்லை.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்ல முடியாது. ட்ரெக்டர்க் கூலியும் கூடிய நாட்களும் சேர்ந்து விலையை ஏற்ற வேண்டியிருந்தது. அடுத்த பருவத்துக்கு விடுதி 30 மட்டும் போதும் என்றது. நான்கு பேரின் உழைப்புக்கு அது காணாது. மருமகன் மாரி மாதங்களில் சீமெந்துக் கல் அரியும் இடமொன்றுக்கு வேலைக்குப் போகிறார். அவர் கை இந்தத் தொழிலில் நிற்க வேண்டும் என்பது எனக்குப் பெரிய கவலை. வேறு இரண்டு விடுதிகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மாற்றிக்கொண்டவை

முறைப்பாடு வந்தால் இப்போது ஒவ்வொரு குறையையும் தனித் தாளில் எழுதுகிறேன், ஒவ்வொன்றுக்கும் காரணம் தனியே தேடுகிறேன். கசிவையும் உதிர்வையும் முதல் நாளே பிரித்திருந்தால் ஜூலைச் சூளையே எரிந்திருக்காது. 2024 பருவத்துக்குப் பின் ஒவ்வொரு சூளையிலும் இரண்டு கெண்டியை எங்கள் அலுவலகத்துக்கு எடுத்து, தினமும் நனைத்துக் காயவைத்து 60 நாள் பார்க்கிறோம். அதுவரை மற்றவை வீட்டை விட்டுப் போகாது. எந்த இடத்து மண், எந்த மாதம் எடுத்தது என்பதையும் எழுதி வைக்கிறோம். சூளைக்குள் வெப்பமானி ஒன்று வைக்க வேண்டும் என்பது இன்னும் ஆகவில்லை. எங்கள் சூளையின் சூட்டைப் பற்றி மேலே நான் சொன்னவை நிறத்தையும் சத்தத்தையும் பார்த்துச் சொன்னவைதான்.

மண்ணை இறக்குவதற்கு முன் சோதிப்பது வீட்டாரின் சொந்த ஏற்பாடு. 2024 ஒக்டோபரில் பழைய குளத்தில் தண்ணீர் வற்றவில்லை என்று ட்ரெக்டர்க்காரர் வேறோரிடத்து மண்ணோடு வந்தார். மருமகன் பெட்டியில் ஏறி, மூன்று மூலையிலும் நடுவிலும் ஒரு பிடி எடுத்து, எலுமிச்சம்பழம் பிழிந்தார். நடுப் பிடி நுரைத்தது. வந்த கூலியைக் கொடுத்து, பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்.